நிசப்தத்துக்குப் பிறகு வருகிற பகுதி

கையை விடக்கூடாது. இது முடியற வரைக்கும் இவர் கையை நான் விடக்கூடாது, அவ்வளவுதான், பெரிய காரியம் ஒண்ணுமில்ல, மேடை நிறைய ஆளுங்க வாசிக்கப் போறாங்க, கூடம் நிறைய ஆளுங்க கேக்கப் போறாங்க, வானொலிக்காரங்க நேரடியா ஒலிபரப்பப் போறாங்க, நான் மூணாவது வரிசையில என் புருஷன் கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கணும், பாக்கிறவங்களுக்கு ஆகா இந்த வயசுலயும் எவ்வளவு அன்புன்னு தோணும், தோணட்டும். சில்லுனு இருக்கு கை. நகம் காலையில நான்தான் வெட்டிவிட்டேன், சட்டைப் பொத்தானும் நான்தான் போட்டேன், டை கட்டும்போது எங்க போறோம்னு கேட்டார், உங்க புது சிம்பொனியைக் கேக்கன்னு சொன்னேன், சரின்னார், ஷூ போடும்போது திரும்ப எங்க போறோம்னு கேட்டார். ஞாயித்துக்கிழமை காலையில ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகாம இங்க வந்து உக்காந்திருக்கேன் ஆண்டவரே, நீரே பாத்துக்கும். இப்பதான் ஹெல்ம்கே அம்மா மேடையில பேசி முடிச்சிட்டு வந்து எனக்கு இடது பக்கம் உக்காந்தாங்க, இவர் எழுதுறதையெல்லாம் அச்சுப் போடுற பதிப்பகத்தோட தலைவி, நல்லாத்தான் பேசினாங்க, எக்கார்ட் ஓஸ்டர்காம்ப், நம் காலத்தின் சமரசமில்லாத காது, குண்டு விழுந்து எரிஞ்ச ஊர்ல பொறந்த பிள்ளை, ஆர்கன் வாசிச்ச அப்பா, ரகளையில முடிஞ்ச முதல் கச்சேரி, பேராசிரியர் பதவி, விருது, இன்னொரு விருது, அப்புறம் கடைசியா மூச்சு வாங்குற இடத்துல, இந்தியாவிலிருந்து வந்த துணைவி பொய்லா. அவ்வளவுதான் நான். என் பேர் பியூலா. இந்த ஊர் எழுத்துல எழுதினா இவங்க வாயில அது பொய்லான்னுதான் வரும், நாப்பது வருஷமா பொய்லா, முதல்ல திருத்திப் பாத்தேன், அப்புறம் எக்கேடோ கெட்டுப் போங்கன்னு விட்டுட்டேன். நேத்து ஒத்திகையில நடந்ததை ஹெல்ம்கே அம்மா பாக்கல, அது ஒண்ணுதான் ஆறுதல். இந்த சிம்பொனியில நடுவுல ஒரு நிசப்தம் இருக்கு, யாரும் வாசிக்காம, வயலின் வில்லைத் தூக்கின கை தூக்கினபடியே, ரொம்ப நேரம். நேத்து அந்த இடம் வந்ததும் இவர் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சு எழுந்து காலி நாற்காலிங்களைப் பாத்துக் குனிஞ்சு வணக்கம் சொன்னார். தான் எழுதின நிசப்தத்தைத் தானே முடிவுன்னு நினைச்சிட்டார். வாசிக்கிறவங்க ஏதோ தங்களுக்கு நன்றி சொல்றார்னு நினைச்சிக்கிட்டாங்க. இன்னைக்கு அப்படி எழுந்தா தீர்ந்தது. அதனாலதான் கை. அந்த நிசப்தத்துக்கு அப்புறம் வர்ற பகுதி இருக்கே, அதை இப்ப நினைக்க வேண்டாம், முதல்ல நிசப்தத்தைத் தாண்டுவோம்.

ஆரம்பிச்சிட்டாங்க. இசைக்குழு நடத்துனர் சின்னப் பொண்ணு, குச்சியைத் தூக்கறதே தெரியல, எங்கிருந்தோ வயலின்ல வில்லை அழுத்தித் தேய்க்கிற சத்தம், இந்த ஆரம்பத்தை எழுதி முடிக்க இவருக்கு ஒரு குளிர்காலம் ஆச்சு, வில்லு கட்டையில படணும் தந்தியில படக்கூடாது, தந்தியில படணும் சுரம் கேக்கக்கூடாது, பக்கத்துக்குப் பக்கம் இப்படிக் கட்டளை. என் அம்மா ஒரு தடவை தரங்கம்பாடியிலிருந்து போன்ல கேட்டாங்க, மாப்பிள்ளை என்னடி வேலை பாக்கறார்னு, மியூசிக் போடறார்மான்னேன், மியூசிக் டைரக்டரா, எந்தப் படம்னு கேட்டாங்க. இசைத்தட்டு ஒண்ணை அனுப்பி வெச்சேன். கேட்டுட்டு அப்பா எழுதினார், தட்டு வழியில கீறல் பட்டுடுச்சு போலிருக்கு மகளே, வேற அனுப்புன்னு. சிரிப்பு வருது, இந்த இடத்துல சிரிச்சா ஹெல்ம்கே அம்மா திரும்பிப் பாப்பாங்க. நான் அந்தக் கடிதத்தை இவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னப்போ இவர் சிரிக்கல, உங்கப்பா கேட்டது சரி, அது கீறல்தான்னார். எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருந்த மனுஷன். அழகான சுரத்தைக் கண்டாலே இவருக்கு ஆகாது. காரணம் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல, இவரோட அப்பா யுத்தம் நடந்த அந்தக் கெட்ட காலத்துல கோயில்ல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆர்கன் வாசிச்சவர், முன் பெஞ்சுல உக்காந்து கேட்டவங்க கண்ணு கலங்கி அழுவாங்களாம், அழுதுட்டு திங்கக்கிழமை காலையில பக்கத்து வீட்டுக்காரனைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுப்பாங்களாம். அழகா வாசிச்சிக்கிட்டே எல்லாத்தையும் செஞ்சாங்க பியூலான்னு ஒரு தடவை சொன்னார், பொய்லான்னுதான் சொன்னார், அன்னைக்கு எனக்கு இவர் மேல உசுராயிடுச்சு. அன்னைக்கு மட்டும் சொல்லிட்டு விட்டிருந்தா பரவாயில்ல. அதையே பிடிச்சிக்கிட்டு ஒரு ஆயுசு பூரா யாரையும் அழகா ஒண்ணும் செய்ய விடாம அடிச்சார்.

என்னைத்தான் சொல்றேன், வேற யாரை. உபதேசியார் பொண்ணு, தரங்கம்பாடிக் கோயில்ல பதிமூணு வயசுலருந்து ஆர்மோனியம், ஞானப்பாட்டு நானே கட்டுவேன், கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு ஈஸ்டருக்கு ஒண்ணு, பாடகர் குழு பொம்பளைங்க மீன் கழுவின கையோட வந்து நின்னு பாடிட்டுப் போவாங்க, இந்த வருஷம் என்னடி புதுசுன்னு வழியில நிறுத்திக் கேப்பாங்க. சபையிலதான் என்னைக் கோயில் சங்கீதம் படிக்க இங்க அனுப்பினாங்க, படிச்சிட்டுத் திரும்பி வந்து எல்லாருக்கும் சொல்லித்தரணும்னு பேச்சு. இங்க வந்தா வகுப்புல வாத்தியார் இவர். நெட்டையா, ஸ்வெட்டர் முழங்கையில ஓட்டை, சிகரெட் வாசனை. நான் எழுதிக் கொடுத்த முதல் பாட்டை வாங்கிப் படிச்சார், படிக்கும்போது விரல் மேசையில தட்டிக்கிட்டே இருந்தது, நல்லாத்தான் கேக்குது இவருக்குன்னு நினைச்சேன், கடைசியில ஓரத்துல ஒரே ஒரு வார்த்தை எழுதித் திருப்பிக் கொடுத்தார். அழகு. நான் அன்னைக்கு ராத்திரி சந்தோஷத்துல தூங்கல. கூடப் படிச்ச பொண்ணு ஒருத்திதான் மறுநாள் சொன்னா, அது திட்டு, அவர்கிட்ட அதைவிடப் பெரிய திட்டு கிடையாதுன்னு. அப்புறம் ஏன் கட்டிக்கிட்டேன்னு கேட்டா என்ன சொல்றது, இருபத்தஞ்சு வயசு, குளிர், தனிமை, அந்த மனுஷன் என் கையெழுத்தைப் பாத்து, இவ்வளவு சுத்தமா சுரம் எழுதற கையை நான் பாத்ததே இல்லன்னு சொன்னார். அது மட்டும் நிஜமான பாராட்டு. அதுலயே பிழைப்பு ஓடிப்போச்சு. இவர் பென்சில்ல கிறுக்குவார், நான் மையில சுத்தப் பிரதி எழுதுவேன், கோடு கோடா, குழல் ஒரு வரி, கொம்பு ஒரு வரி, மத்தளம் ஒரு வரி, இவரோட சாஞ்ச கொக்கியும் அவசரப் புள்ளியும் எல்லாம் என் விரலுக்கு மனப்பாடம், இரும்புத் தகடும் கோரஸும் சேத்து எழுதினாரே, அதுக்காக மேடையில முட்டை எறிஞ்சாங்களே, அதுவும் என் கையெழுத்துதான், விருது வாங்கினதும் என் கையெழுத்துதான். நீங்களும் எழுதுவீங்களான்னு ஒரு விருந்துல யாரோ ஒருத்தர் என்னைக் கேட்டார். எழுதுவா, என்னுடையதைன்னு இவர் பதில் சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், என் மூஞ்சி அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்.

கொம்பு வாசிக்கிறவங்க எழுந்து நிக்கிறாங்க, இப்ப பெரிய இரைச்சல் வரும், வந்தாச்சு, இவர் கை லேசா இறுகுது, ஞாபகம் வருதா, இல்ல பயமா, முகத்தைப் பாத்தா ஒண்ணும் தெரியல, எப்பவும் போல மோவாயைத் தூக்கி யாரையோ குத்தம் கண்டுபிடிக்கிற முகம். அந்த முகம் இருக்கிற வரைக்கும் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. பேர் மறந்தா திமிர்னு நினைச்சிக்கிறாங்க, கேள்விக்குப் பதில் சொல்லலன்னா மேதைன்னு நினைச்சிக்கிறாங்க, நான் பக்கத்துல நின்னு, அவர் வேலையில இருக்கார், அவருக்குத் தலைவலின்னு பூசி மெழுகிக்கிட்டே இருந்தேன். டாக்டர் மறதி நோய்னு சொன்ன அன்னைக்கு டிராம்ல திரும்பி வரும்போது ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தார், எங்க ஸ்டாப் வர்ற நேரத்துல என் பக்கம் திரும்பினார்.

“இந்த ஒண்ணு முடியற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா ஒவ்வொரு சுரத்துலயும் நோயைத்தான் தேடுவானுங்க.”

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அப்ப இவருக்கு இன்னும் நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு, நல்ல நாள்ல வெறி பிடிச்ச மாதிரி எழுதினார், நிசப்தம் வரைக்கும் எழுதிட்டார். அதுக்கு அப்புறம் நல்ல நாளே வரல. காலையில மேசையில போய் உக்காருவார், பென்சில் சீவுவார், நிசப்தத்தை எழுதுவார், மறுநாள் வேற தாளை எடுத்து அதே நிசப்தத்தைத் திரும்ப எழுதுவார். ஹெல்ம்கே அம்மா போன் மேல போன், விளம்பரம் போட்டாச்சு, கூடம் பிடிச்சாச்சு, பாதி சிம்பொனியை வெச்சு என்ன செய்யிறதுன்னு. சுத்தப் பிரதி ஆகிக்கிட்டிருக்குன்னு சொல்லிட்டு வெச்சேன். வெச்சிட்டு அடுப்படி மேசையைத் துடைச்சிட்டு, தாளை விரிச்சு, உக்காந்தேன். திருட்டு வேலை செய்யிறோம்னு எனக்குத் தோணவே இல்ல, சத்தியமா, தோசைக் கல்லுல மிச்ச மாவை ஊத்துறோம்னுதான் இருந்தது. இவர் மாதிரியே எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இவர் என்னென்ன வித்தை செய்வார்னு எனக்குத் தெரியாதா, ரெண்டு பக்கம் தேய்ப்பும் கீறலுமா எழுதினேன், சரியாவே இருந்தது, அதைக் கிழிச்சுப் போட்டேன். ஏன் கிழிச்சேன். ஓபோன்னு நம்ம நாயனம் மாதிரி ஒரு குழல், அதுக்கு எழுதினேன், தனியா, அது நடந்துக்கிட்டே வந்தது, கீழே அடிச்சுரத்துல மூணு செல்லோ வந்து தாங்கிச்சு, மூணு சுரமும் சேந்து அழகா ஒலிக்குது, ஆமா, அழகாத்தான், என்ன இப்போ. நாப்பது வருஷமா அடைச்சு வெச்சது, நிறுத்தத் தெரியல எனக்கு. மூலத்தையும் கேப்பாங்களேன்னு இவர் கொக்கி, இவர் புள்ளி, இவர் எழுத்துலயே எழுதி, இவர் கையெழுத்தையும் கீழ போட்டுக் கட்டி அனுப்பினேன். யாருக்கும் ஒண்ணும் தோணல. நேத்து அந்த நடத்துனர் பொண்ணு என்கிட்ட வந்து, அந்த இடம் வரும்போது எனக்குக் குச்சியை இறக்கவே மனசு வரலன்னா. எனக்கு அவளைக் கட்டிப் பிடிச்சு அழணும் போல இருந்தது, கோட்டு பெல்ட்டை இழுத்துக் கட்டிக்கிட்டு வந்துட்டேன்.

நிசப்தம். வந்தாச்சு. எல்லாக் கையும் நின்னுபோச்சு, நடத்துனர் பொண்ணோட குச்சி காத்துல நிக்குது. பிடி, இறுக்கிப் பிடி பியூலா. பின்னால யாரோ இருமலை அடக்கறாங்க. ஹெல்ம்கே அம்மா மூச்சை நிறுத்திட்டாங்க. இவர் தோள் லேசா அசையுது, எழுந்திரிக்கப் போறார், போச்சு, கர்த்தாவே, இல்ல, எழுந்திரிக்கல, என் உள்ளங்கையில இவர் விரல் ஏதோ செய்யுது, தட்டுது, மெதுவா, ஒரே சீரா, எண்ணுறார், நிசப்தத்தை எண்ணிக்கிட்டிருக்கார். பேர் போச்சு, ஊர் போச்சு, காலையில என்ன சாப்பிட்டோம்னு தெரியல, இது தெரியுது. எனக்கு இவர் மேல பாவமா வருது, பாவம் வந்தா எங்க போய் முட்டிக்கிறது, இந்த விரல்தானே மேசையில தட்டித் தட்டி என் பாட்டைப் படிச்சுட்டு அழகுன்னு எழுதிச்சு. எண்ணுங்க, எண்ணுங்க. விரல் நின்னுச்சு. குச்சி இறங்கிச்சு. சரியா அதே நொடியில.

ஓபோ வந்தது. வந்தது, தனியா, நான் அடுப்படியில முனகினதைவிட மெதுவா, ஆனா அதுதான், அதேதான், அந்த வழுக்கைத் தலைக்காரர் எவ்வளவு மூச்சு வெச்சிருக்கார், நான் எழுதினது இன்னொரு மனுஷன் மூச்சுல வெளிய வருது, இப்ப செல்லோ வரணும், வாங்க, வந்துட்டாங்க, ஐயோ, தாளுல இருந்தப்போ இவ்வளவு இடம் இதுக்குள்ள இருக்கும்னு எனக்குத் தெரியாது. முன் வரிசையில ஒரு கிழவர் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறார். கூடத்துல யாருமே அசையல. இது என்னோடதுங்க. அந்த ரெண்டாவது ஏத்தம், அது ஊர்ல எங்கப்பா செத்த சேதி வந்தும் போக முடியாமப் போன வருஷம், இவருக்குப் பெர்லின்ல கச்சேரி, பிரதி முடியல, நீ போயிட்டா யார் எழுதுவான்னார், நான் போகல, அந்த ஏத்தத்துல எல்லாம் இருக்கு, யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டாம், இவ்வளவு பேர் கேக்கறாங்களே, போதும், இது போதும் எனக்கு. வயலின் எல்லாம் சேரப் போகுது, சேரட்டும், இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன், ரெண்டு கையையும் நெஞ்சு மேல வெச்சிக்கிட்டேன். ரெண்டு கையையும்.

“பூ...”

இவர் எழுந்து நிக்கிறார். மூணாவது வரிசையில, நெட்டையா, ரெண்டு உள்ளங்கையையும் வாய்க்குக் குவிச்சு வெச்சிக்கிட்டு, என் வயலின் மேல கத்தறார். இந்த ஊர்ல ஒரு சங்கீதம் பிடிக்கலன்னா இப்படித்தான், பூன்னு ஊளையிடுவாங்க, சின்ன வயசுல இவரும் இவர் கூட்டாளிங்களும் கடைசி வரிசையில உக்காந்துக்கிட்டு பழைய ஆளுங்க கச்சேரியைக் குலைக்கிறதையே தொழிலா வெச்சிருந்தாங்களாம், போலீஸ் வந்து தூக்கிட்டுப் போனதைப் பெருமையாச் சொல்லுவார். அந்தப் பையன்தான் இப்ப எழுந்து நிக்கிறான். கோட்டைப் பிடிச்சு இழுக்கறேன், உதறி விடறார். இன்னொரு தடவை, இன்னும் சத்தமா. அந்தக் குரல்ல நோயே இல்ல, தடுமாற்றமே இல்ல, இத்தனை மாசத்துல நான் கேட்ட தெளிவான பேச்சு இது ஒண்ணுதான். வாசிக்கிறவங்க விடல, நல்லவங்க, கடைசி சுரம் வரைக்கும் கொண்டு போனாங்க, அந்தக் கடைசி மூணு சுரம், நான் எவ்வளவு ஆசையா வெச்சது, அதை எனக்குக் கேக்கவே இல்ல, இவர் பூன்னு கத்துறதுதான் கேட்டுது. குச்சி இறங்கினதும் கூடம் முழுக்க செத்த வீடு. நான் தலையைக் குனிஞ்சிக்கிட்டேன். முடிஞ்சது, எல்லாம் வெளிய வந்தாச்சு, இனி நாளைக்குப் பேப்பர்ல நோய்னு போடுவாங்க, சத்தியம் போச்சு.

அப்பத்தான் யாரோ சிரிச்சாங்க. ஒருத்தர், அப்புறம் பத்துப் பேர், அப்புறம் கை தட்டு, அப்படி ஒரு கை தட்டை இவர் ஆயுசுல வாங்கினதில்ல, எழுந்து நின்னு காலால தரையை உதைக்கிறாங்க. ஹெல்ம்கே அம்மா சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சிக்கிறாங்க, என்ன மனுஷன், எண்பது வயசுல தன் சிம்பொனிக்குத் தானே பூ கத்துறார், இந்த நூற்றாண்டுலயே இப்படி நடந்ததில்லன்றாங்க. நடத்துனர் பொண்ணு மேடையிலிருந்து கையை நீட்டினா, அதை இவர் உடம்பு மறக்கல, நேரா படியேறிப் போனார், குனிஞ்சார், கையை விரிச்சு வாசிச்சவங்களைக் காட்டினார். ஹெல்ம்கே அம்மா என் காதுகிட்ட வந்து, அந்தக் கடைசிப் பகுதி, பொய்லா, அவர் எழுதினதுலயே அதுதான் உயர்ந்தது, இந்தக் கனிவு இத்தனை வருஷம் எங்க ஒளிஞ்சிருந்தது, அடுத்த ஓபரா அங்கிருந்துதான் தொடங்கணும், நாளைக்கே பேசலாம்னு சொல்லிட்டே போறாங்க. இப்ப சொல்லிடலாம். நாக்கு நுனியில நிக்குது. மேடையில வானொலிக்காரர் மைக்கை இவர் வாய்கிட்ட நீட்டறார், ஏன் இப்படிச் செஞ்சீங்க மாஸ்டர்னு கேக்கறார், கூடம் அடங்குது.

“கடைசிப் பகுதி என்னோடது இல்ல,” இவர் சொல்றார்.

சிரிப்பு. கூடம் குலுங்குது.

“சிரிக்காதீங்க. யாரோ கோயில்ல வளந்த ஆள் எழுதினது. வேலை தெரிஞ்ச ஆள். நான் கேட்டுட்டுத்தான் சொல்றேன். அந்த ஆள் இங்கதான் இருக்கணும், எழுந்து நிக்கச் சொல்லுங்க.”

இன்னும் பெரிய சிரிப்பு, கை தட்டு. சிலபேர் தமாஷுக்குத் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. இவர் சிரிக்கல. கண்ணுக்கு மேல கையை வெச்சு விளக்கை மறைச்சிக்கிட்டு வரிசை வரிசையாத் தேடறார். உலகத்துல இந்த ஒருத்தர்தான் கேட்டிருக்கார், இந்த ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கு, அதுவும் இப்படி. இந்த ஒண்ணு முடியற வரைக்கும்னுதானே சத்தியம் வாங்கினார், முடிஞ்சிடுச்சு, இப்ப நான் நின்னா என்ன, நின்னா இவர் போயிடுவார், இவர் எழுதினதெல்லாம் நோயாயிடும், நிக்கலன்னா நான் எங்க இருக்கேன்.  முன் சீட்டைப் பிடிச்சிக்கிட்டேன்.

எழுந்து நின்னுட்டேன். நிமிந்து நின்னேன், வாயைத் திறந்தேன். இவர் கண்ணு எங்க வரிசைக்கு வந்தது, என் மேல வந்து நின்னுது, தாண்டி அடுத்த வரிசைக்குப் போச்சு. ஹெல்ம்கே அம்மா சட்டுனு முழங்காலை ஒதுக்கிக்கிட்டாங்க, வாசல்ல கொடுத்து வெச்ச குளிர்க் கோட்டை வாங்கத்தானே போறீங்க, நல்லது, கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடுங்க, அவரோடதையும் சேத்து வாங்கிடுங்கன்னாங்க. வரிசையில மிச்சம் இருந்தவங்களும் கை தட்டிக்கிட்டே ஒவ்வொருத்தரா ஒதுங்கி எனக்கு வழி விட்டாங்க.